ஆறு மணிக் கம்பளி

ஆறடிக் குழியில் இறக்கி, மண் தள்ளி, சிலுவை நட்டுப் புதைக்கப்பட்ட மனிதர், தம்மை அடக்கம் செய்தவர்கள் வீடு திரும்புவதற்குள் அவர்களை முந்திக்கொண்டு வந்து, கொட்டகையில் கரடிக்குட்டிக்குக் கூழ் ஊட்டிக்கொண்டிருந்தார்.

பார்த்தவர்கள் பதினான்கு பேர். பதினான்கு பேரும் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு வந்த வழியே ஓடிவிட்டார்கள்.

"செத்த மறுநாளே டூட்டியில ஜாயின் பண்ணிட்டாரு சார். கோலார்ல நாங்க கால் ஒடிஞ்சாலே ஆறு மாசம் லீவு எடுப்போம்" என்றான் சவரிமுத்து.

துப்பறியும் வைத்தீஸ்வரன் சிரிக்கவில்லை. மைசூர் போலீஸில் இருபத்தைந்து வருஷம் கைரேகைகளோடு குடித்தனம் நடத்திவிட்டு, இப்போது பெங்களூர் பசவனகுடியில் தனியாக ஆபீஸ் வைத்திருப்பவர். சவரிமுத்து அவருடைய உதவியாள். தங்கச் சுரங்கத்தில் பதினொரு வருஷம் பாறை உடைத்தவன். ஒரு நாள் சினிமா பார்க்கும் ஆசையில் தன் ஷிப்டை இளங்கோவன் என்ற சிநேகிதனுக்கு மாற்றிக் கொடுத்தான். அன்றைக்குச் சுரங்கம் இடிந்தது. அதற்குப் பிறகு அவன் கீழே இறங்கவில்லை. பேசிக்கொண்டே இருந்தால் அந்த முகம் வராது என்று கண்டுபிடித்ததிலிருந்து ஓயாமல் பேசுகிறான்.

இருவரும் நீலசந்திராவில் லூர்துமேரியின் ஒற்றை அறை வீட்டு வாசலில் நின்றார்கள். அவளுடைய புருஷன் தாஸ் நேற்றிலிருந்து லாக்கப்பில் இருந்தான். புதைத்த மறுகணமே திரும்பி வந்த அந்த மனிதரை, தன் எஜமான் ஓஸ்வால்ட் துரையை, கிணற்றில் தள்ளிக் கொன்றான் என்று கேஸ். நாளைக் காலை பத்து மணிக்குக் கோர்ட்டு.

"அவரு கோவத்துல ஒரு வார்த்தை சொன்னாரு சாமி. மாதா திருநாளுக்கு லீவு கேட்டாரு, தொரை கொடுக்கல. 'உன்னைக் கெணத்துல தள்ளினாத்தான் எனக்கு லீவு போல'ன்னு சொல்லிட்டாரு. பால்காரி காதுல விழுந்து போச்சு" என்று அழுதாள் லூர்துமேரி.

"திருநாளன்னிக்கு எங்கே இருந்தான்?"

"சொல்லாம கொள்ளாம சிவாஜி நகர் மாதா கோயிலுக்குப் போயிட்டாரு. அஞ்சரை வரைக்கும் நூறு பேரோட தேர் இழுத்தாரு. ஆறு மணிக்கு பங்களா கேட்டுக்கு வந்துட்டாரு. ஏழு மணிக்குத் தொரையைக் கெணத்துல கண்டதும் அவருதான்."

வைத்தீஸ்வரன் மூக்குப்பொடி டப்பியைத் தட்டினார். "ஆறு மணிக்குத் துரை உயிரோட இருந்தார்னு அவர் சம்சாரமே வாக்குமூலம் கொடுத்திருக்கா. ஆறிலிருந்து ஏழு வரைக்கும் தோட்டத்தில் இருந்த ஆம்பிளை உன் புருஷன் ஒருத்தன்தான். அதுதான் சிக்கல்."

அவள் அழுவதைப் பார்க்கச் சகிக்காமல் சவரிமுத்து வாசல் தோரணத்தைப் பார்த்தான். திருநாளுக்குக் கட்டிய வண்ணக் காகிதங்கள் மழையில் சாயம் போய்த் தொங்கின. கட்டியிருந்த நார்க்கயிற்றில் அங்கங்கே கொத்துக் கொத்தாக முடிச்சு.

"தாலிக்கே மூணு முடிச்சுதாம்மா. உங்க ஆளு கயித்துல பாதி முடிச்சாவே கீதே?"

"எங்கேயிருந்தோ கொண்டாந்து கட்டினாரு. அவுக்கறதுக்குத்தான் ஆளில்லையே" என்றாள் அவள்.

*

நீலசந்திராவைத் தாண்டி, சவுக்குத் தோப்புக்கு நடுவே இருந்தது 'அடைக்கலம்' பங்களா. ஓஸ்வால்ட் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பட்டக் கயிற்றில் சிறகு அறுந்த பருந்து, லாரியில் அடிபட்ட நரி, நாட்டு வைத்தியக்காரனிடமிருந்து மீட்ட தேவாங்கு என்று யாருக்கும் வேண்டாத உயிர்களையெல்லாம் அங்கே வைத்துப் பிழைக்க வைத்து, திரும்பக் காட்டிலேயே விட்டுவிடுவார். கடைசியாக வந்தது கரடிக்குட்டி. ராமநகரத்துக் கல்குவாரி வெடியில் தாய் செத்துப்போக, அதன் முதுகைப் பிடித்தபடி கிடந்த குட்டி. இப்போது அதற்கு எட்டு மாதம்.

அவர் மனைவி டோரீன் அம்மாள் கறுப்பு கவுனில், ஜன்னல் ஓரத்து நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். ஜன்னலுக்கு ஐம்பது கஜத்தில் கொட்டகை. ஜன்னல் விளிம்பில் துடைத்து வைத்த மண்ணெண்ணெய் விளக்கு.

"இந்த வீட்டுக்கு மூணு ரூல், மிஸ்டர் வைத்தீஸ்வரன்" என்றாள். முப்பது வருஷ பெங்களூர்த் தமிழ் அவளுக்கு. "காட்டுக்குத் திரும்பப் போற பிராணிக்குப் பேர் வைக்கக் கூடாது. பேர் வெச்சா நமக்கு விட மனசு வராது. ரெண்டாவது, அது பக்கத்துல யாரும் பேசக் கூடாது. மனுஷக் குரல் பழகிட்டா, வேட்டைக்காரன் கூப்பிட்டாலும் ஓடி வரும். மூணாவது, குட்டிக்கு ஊட்டறவர் ஒருத்தர்தான். எப்பவும் அதே கறுப்புக் கம்பளியைத் தலையோட போர்த்திக்கணும். அதைத் துவைக்கவே கூடாது."

"கம்பளிதான் அதுக்கு அம்மா" என்றார் வைத்தீஸ்வரன்.

"யெஸ். வேற ஆள் போனா வாயே திறக்காது. நான் ஒரு தடவை போய்ப் பார்த்தேன். ரெண்டு நாள் பட்டினி கிடந்தது." அவள் விளக்கைத் தொட்டாள். "தினம் ஆறு மணிக்கு இதை ஏத்துவேன். அவர் பேசக்கூடாது இல்லையா, கொட்டகை வாசல்ல நின்னு கையைத் தூக்கிக் காட்டுவார். ரயில் புறப்படறப்போ கார்டு காட்டற மாதிரி. ஒண்ணு, ரெண்டு, மூணு எண்ணற வரைக்கும். அப்புறம் உள்ளே போவார். அன்னிக்கும் காட்டினார். அதுதான் எனக்கு குட் பை."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறமும் தினம் வர்றார்" என்றாள் டோரீன், பால்காரி வருகிறாள் என்பது போல. "அடக்கத்தன்னிக்கு வந்தார். நேத்து வந்தார். நீங்க அவரைப் பிடிக்கிறதுக்கா வந்திருக்கீங்க?"

சவரிமுத்து ஜன்னல் வழியே கொட்டகையைப் பார்த்தான். கேலி ஒன்று நாக்கு நுனிவரை வந்து அப்படியே உள்ளே போய்விட்டது.

"தாஸ் நாளைக்கு ஜெயிலுக்குப் போறான் அம்மா" என்றார் வைத்தீஸ்வரன்.

"தாஸ் நல்லவன். ஆனா நான் பார்த்ததைப் பார்க்கலைன்னு எப்படிச் சொல்லுவேன்?"

*

தோட்டத்தில் வரிசையாகக் கூண்டுகள். ஒவ்வொரு கதவிலும் ஒரு பொருள் தொங்கியது. நரிக்கு லாடம். தேவாங்குக்கு நூல்கட்டை. பருந்துக்குக் கொட்டாங்கச்சி. குரங்குக்கு ஓர் உடைந்த மணி.

"பேர் வைக்காத வீடு இல்லையா, அதனால் அடையாளம்னு துரையோட சம்சாரம் சொல்றா" என்றார் வைத்தீஸ்வரன். "நரிக்கு எதுக்குடா அடையாளம்? நரியைப் பார்த்தா நரின்னு தெரியாதா?"

"பருந்தைப் பாத்து நரின்னு நெனைச்சுட்டா, சார்?"

"எவன் அப்படி நினைப்பான்?"

"குடிச்சவன். இல்லாட்டி..." சவரிமுத்து நின்றான்.

வைத்தீஸ்வரன் கண்ணை இறுக மூடிக்கொண்டார். கையை நீட்டியபடி கூண்டு வரிசையோடு நடந்தார். "லாடம். நரி. நூல்கட்டை. தேவாங்கு. கொட்டாங்கச்சி. பருந்து. மணி. குரங்கு." வரிசை முடிந்த இடத்தில் இடுப்புயரக் கம்பம் ஒன்று கையில் தட்டியது. கண்ணைத் திறந்தார். கம்பத்தின் மேல் கயிறு உராய்ந்து வழுவழுப்பான பள்ளம். கயிறு இல்லை. எதிரே, கொட்டகைச் சுவரை ஒட்டி இன்னொரு கம்பம். அதிலும் அதே பள்ளம். இரண்டுக்கும் நடுவில், பாதை வளைகிற இடத்தில், கைப்பிடிச் சுவரில்லாத கிணறு.

"துணிக்கொடி இருந்துதா இங்கே?" என்று ஜன்னலைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஒரு வருஷமா இருந்தது" என்றாள் டோரீன். "துணி மட்டும் ஒரு நாளும் காயப் போட்டதில்லை."

"அவர் பேப்பர் படிப்பாரா அம்மா?"

"நான்தான் படிச்சுக் காட்டுவேன். ஒரு வருஷமா. என் குரல் இனிமையா இருக்குன்னு..." அவள் குரல் தேய்ந்தது.

வைத்தீஸ்வரன் கம்பத்துப் பள்ளத்தை இன்னொரு தரம் விரலால் தடவினார்.

*

மணி ஐந்தரை. மேகம் கவிந்து தோட்டம் சாம்பல் நிறமாகியிருந்தது. கொட்டகைக்குள், தடுப்புத் தட்டிக்குப் பின்னால் இருவரும் குந்தியிருந்தார்கள். தும்மினால் குட்டி மிரளும் என்று பொடி டப்பியை டோரீன் பிடுங்கி வைத்துக்கொண்டதால் வைத்தீஸ்வரன் முகத்தில் களையே இல்லை.

"சார், ஒரு சந்தேகம்..."

வைத்தீஸ்வரன் உதட்டில் விரலை வைத்தார். இரண்டாவது விதி. பேசக் கூடாது.

பேசாமல் இருப்பதுதான் சவரிமுத்துவுக்குத் தண்டனை. வாயை மூடியதும் சுரங்கத்து இருட்டு வந்தது. லிப்ட் கூண்டில் இறங்கும்போது திரும்பிப் பார்த்துச் சிரித்த இளங்கோவன் வந்தான். ஆணியில் தொங்கிய கறுப்புக் கம்பளி காற்றில் ஆடியது. உள்ளே யாரோ தோளைக் குலுக்குவது போலிருந்தது.

பின்பக்கத் தட்டி விலகியது. காலடிச் சத்தம் இல்லை. ஒரு கை வந்தது. கம்பளி ஆணியிலிருந்து இறங்கியது. அடுத்த கணம், தலை முதல் முழங்கால் வரை கறுப்பாக ஓர் உருவம் வாசலில் நின்றது. தூரத்து ஜன்னலில் விளக்கு எரிந்தது. உருவம் கையைத் தூக்கியது. ஒன்று. இரண்டு. மூன்று. கை இறங்கியது.

சவரிமுத்து மனத்துக்குள் சொல்லத் தொடங்கிய ஜெபம் பாதியில் மறந்துபோயிற்று.

உருவம் உள்ளே வந்து குப்புறப் படுத்தது. மூலையில் வைக்கோல் அசைந்தது. குட்டி உறுமிக்கொண்டே ஓடி வந்து அதன் முதுகில் ஏறி, கம்பளியைக் கவ்விக்கொண்டு, தாயின் முதுகில் சவாரி போகும் குட்டியைப் போல ஒட்டிக்கொண்டது. உருவம் மெல்லத் தவழ்ந்து கொட்டகையைச் சுற்றியது. ஒரு சுற்று. இரண்டு சுற்று. பிறகு எழுந்து உட்கார்ந்து, வெல்லம் கரைத்த கேழ்வரகுக் கூழைக் கையில் எடுத்து நீட்டியது. குட்டி சப்புக்கொட்டித் தின்றது.

பேய்க்குக் கால் கிடையாது என்பார்கள். கம்பளி சற்றே விலகியபோது சவரிமுத்து பார்த்தான். இந்தப் பேய்க்குக் கால் இருந்தது. வெடித்த குதிகால். இரண்டாம் விரலில் மெட்டி.

குட்டி வயிறு நிறைந்து வைக்கோலுக்குள் புகுந்தபின், உருவம் கம்பளியை ஆணியில் மாட்டிவிட்டுப் பின்பக்கமாக வெளியே போனது. இருவரும் தொடர்ந்து போய், குட்டிக்குக் காது எட்டாத தூரத்தில், கிணற்றடியில் அவளை நிறுத்தினார்கள். காலையும் மாலையும் கூண்டு கழுவ வரும் கிருஷ்ணம்மாள்.

"எத்தனை நாளா?" என்றார் வைத்தீஸ்வரன்.

"ஒரு வருசமா சாமி." அவள் பயப்படவில்லை. களைத்திருந்தாள். "போன கரடிக்கும் நான்தான். இதுக்கும் மொதல் நாள்லேர்ந்து நான்தான்."

"துரைக்குக் கண்ணு போயிடுத்து. இல்லையா?"

அவள் தலையசைத்தாள். "ஆஸ்பத்திரிச் சீட்டு கூட எங்கிட்டதான் கீது. 'காட்டிலாகா ஆபீசருக்குத் தெரிஞ்சா எல்லாத்தையும் ஓட்டிக்கினு பூடுவாங்க, டோரீனுக்குத் தெரிஞ்சா ஒடைஞ்சு பூடுவா'ன்னாரு. கம்பளிக்குள்ள யாரு கீறாங்கன்னு எவனுக்குத் தெரியும்? பேசறதும் இல்ல. கையை எப்படித் தூக்கணும், எத்தினி எண்ணணும், எல்லாம் அவரு சொல்லிக் குடுத்தது."

"அன்னிக்கு என்ன நடந்தது?"

"தெனம் அஞ்சே முக்காலுக்குக் கவுத்தைப் புடிச்சிக்கினே இங்க வருவாரு. கம்பளியை அவரு கையால எடுத்து என் தலையில போத்துவாரு. தட்டிக்குப் பின்னால நின்னுக்கினு, குட்டி சப்புக்கொட்டற சத்தத்தைக் கேப்பாரு. அன்னிக்கு வரல. ஒரு வருசத்துல வராத நாளு அது ஒண்ணுதான். ஒடம்பு சரியில்லையோன்னு நானே எடுத்துப் போத்திக்கினேன்."

"அஞ்சே முக்காலுக்கே வரலை" என்றார் வைத்தீஸ்வரன் மெதுவாக. "அப்போ தாஸ் கோயில்லேர்ந்து கிளம்பிப் பாதி வழியில் வந்துண்டிருக்கான். இதை ஏன் போலீஸ்ல சொல்லலை?"

"எல்லாரையும் கேட்டாங்க. தோட்டக்காரனைக் கேட்டாங்க. பால்காரியைக் கேட்டாங்க." கிருஷ்ணம்மாள் அவரை நேராகப் பார்த்தாள். "பெருக்கறவளை யாரு கேட்டாங்க? மணிக் கணக்குலதான் தாசு மாட்டினான்னு நீ சொல்லித்தானே எனக்கே தெரியுது."

"அந்தக் கயிறு என்ன ஆச்சு?"

"தெரியல சாமி. மறுநாள்தான் பாத்தேன், அங்க இல்ல. அவரே முடிச்சு போட்ட கவுறு. கூண்டாண்ட ஒரு முடிச்சு. கெணத்தாண்ட வந்தா மூணு, ஒட்டுனாப்பல. மூணு முடிச்சு கைக்கு வந்துதுன்னா, நின்னு சோத்துக்கைப் பக்கம் திரும்பணும்."

சவரிமுத்து கம்பத்தின் வெறும் பள்ளத்தைப் பார்த்தான். மழையில் சாயம் போன காகிதத் தோரணம் கண்முன் வந்தது. கொத்துக் கொத்தாக முடிச்சு.

"ஏண்டா, வாயடைச்சுப் போயிட்டே?" என்றார் வைத்தீஸ்வரன்.

"ஒண்ணுமில்ல சார். கொசு."

*

டோரீன் எல்லாவற்றையும் கேட்டாள். கேட்டு முடித்ததும், "இல்லை" என்றாள். "எனக்குக் கை காட்டினது என் ஹஸ்பண்ட். கையெழுத்துப் போட மாட்டேன்."

அவள் வாக்குமூலம் மாறாவிட்டால் கிருஷ்ணம்மாள் சொல்வதை இன்ஸ்பெக்டர் காதில் வாங்கமாட்டார். வைத்தீஸ்வரன் காகிதத்தை மேஜைமேல் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கிருஷ்ணம்மாள் வாசற்படிக்கு வெளியேதான் நின்றாள். அந்த வீட்டுக்குள் அவள் வந்ததே இல்லை. "அம்மா" என்றாள். "அவரு நின்னுக்கினுதான் இருப்பாரு, தட்டிக்குப் பின்னால. நான் கையைத் தூக்கினா அவரு எண்ணுவாரு, வாய் அசையும். ஒரு நாளு நான் ரெண்டுலயே எறக்கிட்டேன். கம்பளி சரசரக்கறதை வெச்சே கண்டுபுடிச்சு எம்மேல கோச்சிக்கினாரு. 'மூணாவது அவளுக்கு'ன்னாரு."

டோரீன் ஜன்னல் விளிம்பிலிருந்த விளக்கின் திரியை இறக்கினாள்.

"ஒரு வருஷம்" என்றாள் டோரீன். "ஒரு வருஷம் நான் உனக்கு விளக்கு ஏத்திட்டு இருந்தேன்."

"ஆமாம்மா."

"என் குட் பையும் போச்சு."

டோரீன் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டாள். காகிதத்தை ஒரு வரி விடாமல் படித்தாள். கையெழுத்துப் போட்டாள். "உள்ளே வா" என்றாள் பிறகு. "வெளியே மழை."

*

மறுநாள் விடிந்ததும் சவரிமுத்து தனியாக நீலசந்திராவுக்குப் போனான்.

"இந்தத் தோரணக் கயிறு, தாஸ் எங்கேருந்து எடுத்தாரு?"

"தொரை தோட்டத்துலேர்ந்துதான், திருநாளுக்கு முந்தின ராத்திரி. 'துணியே காயப் போடாத கொடி, சும்மா கீது, ரெண்டு நாள்ல திருப்பிக் கட்டிடறேன்'னாரு" என்ற லூர்துமேரியின் முகம் மாறியது. "ஏன்? திருட்டு கேசும் போடுவாங்களா?"

"சேச்சே. நான் கொண்டுபோய்க் கொடுத்துடறேன். யார்கிட்டயும் சொல்லாதீங்க. அவர்கிட்டயும் கேக்காதீங்க."

முடிச்சுகளை அவிழ்க்காமல் தோரணத்தை மட்டும் உருவினான். கயிறு அப்படியொன்றும் கனமில்லை. ஆனால் கிணற்றில் தள்ளுவேன் என்று சொன்னவன் வீட்டு வாசலில் இது தொங்குவதை இன்ஸ்பெக்டர் பார்த்தால் போதும். தாஸை எந்த வாக்குமூலமும் காப்பாற்றாது. பார்க்காவிட்டாலும், இந்தக் கயிறு இல்லாததால்தான் துரை வழி தவறி விழுந்தார் என்று தாஸுக்கே ஒரு நாள் தெரிந்தால் போதும். ஒரு மனிதனுக்கு அது என்ன செய்யும் என்று சவரிமுத்துவுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. எட்டு வருஷமாக அவன் சினிமாக் கொட்டகைப் பக்கம் போனதில்லை.

ஒன்பதரை மணிக்கு ஸ்டேஷன் வாசலில் வைத்தீஸ்வரன் அவன் கையைப் பார்த்தார். "விரலெல்லாம் என்னடா நார்?"

"ஒண்ணுமில்ல சார்."

அவர் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்தைந்து வருஷம் கை பார்த்துப் பழகிய மனிதர். "இன்ஸ்பெக்டர் உள்ளே இருக்கார்" என்றார். "கையைக் கழுவிண்டு வா."

கண்ணாஸ்பத்திரிச் சீட்டையும் இரண்டு வாக்குமூலங்களையும் இன்ஸ்பெக்டர் மூன்று தரம் படித்தார். பார்வையில்லாத மனிதர், சுவரில்லாத கிணறு. கோர்ட்டுக்குப் போக வேண்டிய வண்டி போகவில்லை. தாஸ் வெளியே வந்தான். "ஆயித்து, ஹோகப்பா" என்று கன்னடத்தில் 'முடிந்தது, போ' சொல்லிக் கான்ஸ்டபிள் அவன் தோளைத் தட்டினான்.

அன்று மாலையே தாஸ் வேலைக்கு வந்துவிட்டான். கேட்டருகே சவரிமுத்து பீடி பிடித்துக்கொண்டிருந்தான். தாஸ் தோட்டத்தைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினான். கம்பத்துக்குக் கம்பம் கயிறு கட்டியிருந்தது.

"இது... நான் இரவல் எடுத்துக்கினு போனதாச்சே. நானே கட்டணும்னு இருந்தேன். அண்ணே, யாரு கட்டினாங்க? தொரை இதை எதுக்கு வெச்சிருந்தாரு?"

சவரிமுத்துவிடம் எதற்கும் ஒரு பதில் இருக்கும். இப்போது அவன் பீடியை இரண்டு தரம் இழுத்துப் புகை விட்டான்.

"கொடிதான். வேற எதுக்கு? நாளைக்கு உன் சட்டையைத் துவைச்சு அதுல போடு. லாக்கப் வாசனை மூக்கைத் துளைக்குது."

தாஸ் சிரித்தான். மூன்று நாளில் முதல் சிரிப்பு.

ஆறு மணி. கிருஷ்ணம்மாள் பின்பக்கமாக வந்தாள். கயிற்றைக் கண்டு நின்றாள். விரல் அதன்மேல் ஓடி, மூன்று முடிச்சில் வந்து தங்கியது. தலை நிமிர்ந்து தாஸைப் பார்த்தாள். பிறகு சவரிமுத்துவைப் பார்த்தாள். கொட்டகை பக்கத்தில் இருந்தது. அங்கே யாரும் பேசக் கூடாது.

அவள் போய்க் கம்பளியைப் போர்த்திக்கொண்டாள். இன்னும் பதினைந்து நாள். மழை விட்டதும் குட்டி காட்டுக்குப் போய்விடும்.

ஜன்னலில் விளக்கைக் காணோம். உருவம் வாசலில் காத்து நின்றது. சவரிமுத்து பீடியை மிதித்து அணைத்தான். வெகு நேரத்துக்குப் பிறகு தீக்குச்சி உரசும் வெளிச்சம் தெரிந்தது, விளக்கு எரிந்தது. கறுப்புக் கை மேலே எழுந்தது.

ஒன்று. இரண்டு.

மூன்றாவதற்கு ஜன்னலில் இன்னொரு கை எழுந்தது.